இரண்டு இஞ்ச் பைப்

காரின் பின்னால் புகை போகிற பைப் எத்தனை இஞ்ச் இருக்க வேண்டும் என்று நான் ஒரே ஒரு ஆளிடம்தான் கேட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. மறுநாள் காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்கு பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. நான்கு பேரும் நான்கு அளவு சொன்னார்கள். அதில் ஒருவருக்கு சைக்கிள்கூடக் கிடையாது. அவர்தான் அதிக நேரம் பேசினார்.

நான் சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். காலண்டர், லேபிள், நோட்டு அட்டை என்று எந்தப் பிரஸ்ஸில் எது மக்கர் செய்தாலும் எனக்குப் போன் வரும். அந்த மெஷின்களில் தாளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுப்பது காற்று. ஒரு பக்கம் ஊதும், இன்னொரு பக்கம் உறிஞ்சும். ஊதுவது குறைந்தால் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போகும், கூடினால் தாள் பறக்கும். இருபது வருடமாகக் காற்றைக் கூட்டிக் குறைத்தே சோறு தின்றவன் நான். எஞ்சினுக்குள்ளும் காற்றை ஊதித் திணிக்கலாம், திணித்தால் சின்ன எஞ்சின் பெரிய எஞ்சின் மாதிரி இழுக்கும் என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது.

கார் பழசு. ரிட்டயரான வாத்தியார் ஒருவர் ஓட்டியது. நான்கு பேர் ஏறினால் ரயில்வே மேம்பாலத்தில் ஏறுவதற்குள் மூச்சு முட்டும். சென்னையில் பழைய சாமான் விற்கும் இடத்தில், வெளிநாட்டுக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய சூப்பர்சார்ஜர் ஒன்று கிடைத்தது. பார்க்கத் தேங்காய் அளவுதான் இருக்கும். எஞ்சின் சுற்றுகிற சுற்றிலேயே பெல்ட் மாட்டி அதை ஓட்டினால், உள்ளே போகிற காற்றை அது அழுத்தி ஊதும். வீட்டுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட இடத்தில் மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து அதைப் பொருத்தினேன். ஊதியது. உள்ளே போவது கூடினால் வெளியே வருவதும் கூடும் இல்லையா? வாத்தியார் காலத்துப் பைப் அதற்குப் போதாது. அங்கேதான் தலைவலி ஆரம்பித்தது.

என் மனைவி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

அவள் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கிஃப்ட் பாக்ஸ் அடுக்கும் செட்டில், தனியாக நிற்கும் சின்னக் கட்டடத்தில், வேலை பார்க்கிறாள். எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு அவள் வேலை பார்த்த வேறொரு கம்பெனியில், இவள் இருந்ததற்கு இரண்டு செட்டு தள்ளி ஒரு செட்டு வெடித்துத் தரைமட்டமாகிவிட்டது. இவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. காலையில் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்த பெண் சாயங்கால பஸ்ஸில் இல்லை. அதற்குப் பிறகும் இவள் வேலைக்குப் போனாள், இன்றைக்கும் போகிறாள். இந்தப் பக்கம் வேறு என்ன வேலை இருக்கிறது? தீபாவளிச் சத்தம் அவளை ஒன்றும் செய்யாது. கம்பெனிகளில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள், அந்தச் சத்தமும் ஒன்றும் செய்யாது. அது எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். நேரம் கெட்ட நேரத்தில், கேட்கக் கூடாத பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தால்தான் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, எங்காவது புகை எழும்புகிறதா என்று பார்ப்பாள். லாரி டயர் வெடித்தாலும் அப்படித்தான்.

அவள் மட்டும் இல்லை, எங்கள் தெருவே அப்படித்தான். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் வாட்ச்மேன் அறையில் இருக்கும் மரப்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு சத்தம் கேட்டால் வீட்டில் இருக்கிறவர்கள் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அந்தப் பெட்டிக்குள் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இருக்காது. அதனால் உள்ளேயிருந்து ஓடி வருகிறவர்கள் கேட்டுக்கு வந்ததும் முதலில் அந்தப் பெட்டிக்குள்தான் கையை விடுவார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்குச் சொன்ன பிறகுதான் தண்ணீர் குடிப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கம் இல்லை இது.

"நீங்க என்னத்தையும் ஊதுங்க, உறிஞ்சுங்க, நான் கேக்க மாட்டேன்" என்றாள் அவள். "ஆனா இந்தக் காரு ஒரே ஒரு தடவ டமார்னு சத்தம் போட்டுச்சுன்னா, அன்னைக்கே காயலாங்கடைக்குப் போயிரணும். பெறகு அதச் சரி பண்றேன் இதச் சரி பண்றேன்னு பேசப்படாது. ஒத்துக்கிறீகளா?"

"ஏன், இது என்ன அணுகுண்டா?"

"ஒத்துக்கிறீகளா இல்லையா?"

ஒத்துக்கொண்டேன். எனக்கு என் வேலை மேல் நம்பிக்கை இருந்தது. மூன்று வருட உழைப்பு ஒரு சத்தத்தில் தொங்கியது என்பது அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பைப் அளவை நான் முறையாகத்தான் கணக்குப் போட்டேன். பழைய பைப் ஒன்றரை இஞ்ச். ஊதுகிற காற்று முன்னைவிட ஒன்றரை மடங்கு. அதற்காக விட்டத்தை ஒன்றரை மடங்கு ஆக்கக் கூடாது, பைப்பின் வாய்ப் பரப்பைத்தான் ஆக்க வேண்டும். பரப்பு ஒன்றரை மடங்கு ஆக வேண்டுமென்றால் விட்டம் ஒன்றே முக்காலுக்குச் சற்று மேலே வந்தால் போதும். கடையில் கிடைப்பது இரண்டு இஞ்ச். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. அதற்கு மேல் பெரிதாக்கினால் புகை வேகம் குறைந்து ஆறிப்போகும், ஆரம்ப இழுவை போய்விடும், சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும். பத்தாம் வகுப்புக் கணக்கு இது. இதை நான் எத்தனை பேரிடம் எத்தனை தடவை விளக்கியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

விருதுநகரில் சைலன்சர் வேலை செய்கிற கடை ஒன்று இருக்கிறது. பக்கத்திலேயே மிளகாய் வற்றல் குடோன். லோடு இறக்குகிற நேரமாகப் பார்த்துத்தான் நான் போய் மாட்டிக்கொண்டேன். கடைக்காரர் பழகியவர் என்பதால் கண்ணில் நீர் வழிய வழிய நிதானமாகப் பேசினார். நான் ஒரு வாக்கியம் பேசுவதற்குள் மூன்று தும்மல் போட்டேன்.

"ரெண்டரை போடுங்கண்ணே. சவுண்டு கெத்தா இருக்கும்."

"எனக்கு சவுண்டே வேண்டாங்க. சத்தம் இருக்கவே கூடாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சூப்பர்சார்ஜர் போட்டுருக்கேன்னு சொல்றீக. சத்தம் வேணாங்கிறீக. பெறகு எதுக்குண்ணே அத மாட்டுனீக?"

"பாலம் ஏற."

அவர் கடைப் பையனைக் கூப்பிட்டு, என்னை இந்தப் பதிலைத் திரும்ப ஒரு தடவை சொல்லச் சொன்னார். நான் பரப்பளவை விளக்க ஆரம்பித்தேன், பாதியில் தும்மல் வந்தது. அவர், "அப்ப மூணே போட்ருவோம்" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

வெல்டர் வேறு ரகம். எங்கள் ஊர்க்காரர்தான், ஆனால் வருடத்தில் பாதி நாள் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் காண்ட்ராக்ட் வேலை. அவர் அங்கே பற்றவைக்கிற குழாய்க்குள் ஆள் தவழ்ந்து போகலாம். நான் இரண்டு இஞ்ச் என்றதும் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். "அது பைப்பா அண்ணாச்சி? சொட்டு நீருக்கு வயக்காட்டுல போடுறதுல்ல அது?" என்றார். ஆனாலும் நல்ல மனிதர். நீங்கள் கொண்டுவருவதைப் பற்றவைத்துத் தருகிறேன், அளவு உங்கள் பாடு என்று சொல்லிவிட்டார். இத்தனை பேரில் எனக்கு உருப்படியான பதில் தந்தவர் அவர் ஒருவர்தான்.

எல்லோரையும் சமாளித்துவிடலாம், என் மச்சானைச் சமாளிக்க முடியாது. என் மனைவியின் அண்ணன். பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆர்டர் எடுத்துக் காகிதக் குழாய் உருட்டிக் கொடுக்கிறவர். வானத்தில் போய் வெடிக்கிற வெடிகளுக்கு அடியில் வைக்கிற தடித்த குழாய்கள். இரும்புக் கம்பியில் பசை தடவிய காகிதத்தைச் சுற்றிச் சுற்றி உருட்டி, வெயிலில் காயப் போடுவார்கள். குழாய், வாய், அழுத்தம் என்ற மூன்று விஷயங்களில் உலகத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவர் எண்ணம்.

"மாப்ள, பைப்ப பெருசாக்குறது தப்பு. வாலுகிட்ட சுருக்கணும். ராக்கெட்டுக்கு நாங்க அடியில வாய இறுக்குறோம்ல? இறுக்குனாத்தான் சீறும். வாயத் தொறந்து விட்டா புஸ்ஸுன்னு போயிரும்."

"மச்சான், ராக்கெட்டத் தள்ளுறதே வெளிய போற புகைதான். காருல வேலை முடிஞ்ச புகை வெளிய போகுது. அது சீறி எனக்கு என்ன ஆகப்போகுது?"

"ஒரு கால் இஞ்ச் மட்டும் இறுக்கிப் பாருங்களேன்."

இதே பேச்சு வாரத்துக்கு மூன்று நாள் நடந்தது. சாப்பாட்டுக்கு முன்பு, சாப்பாட்டின்போது, கை கழுவும்போது. ஒருநாள் கோபத்தில், "எறும்பு போற அளவு ஓட்டை வச்சுருவோம், நேரா நிலாவுக்குப் போயிரும்" என்றேன். அவர் அதையும் யோசித்துப் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

ஆனால் ஒரு நல்ல யோசனையும் அவரிடமிருந்துதான் வந்தது. அந்த நல்ல யோசனைதான் என்னைக் கவிழ்த்தது. எஞ்சினுக்கு அடியிலிருந்து பின் பம்பர் வரைக்கும் பைப் எங்கெங்கே வளைய வேண்டும், எங்கே அச்சில் இடிக்கும் என்று பார்க்க வேண்டும். இரும்பை வளைத்து வளைத்துப் பார்க்க முடியாது. "நம்மகிட்ட கொழாய்க்கா பஞ்சம்?" என்று சொல்லி, இரண்டு இஞ்ச் காகிதக் குழாய்கள் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து இறக்கினார். ஹாக்ஸா பிளேடால் சாய்வாக அறுத்து, மைதாப் பசையில் ஒட்டி, காருக்கு அடியில் முழு பைப்பையும் காகிதத்திலேயே கட்டினோம். பிரமாதமாக வந்தது. தெருவில் போன ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, காருக்கடியில பேன்சி வெடி கட்டிருக்கீக?" என்று கேட்டார். என் மனைவி வெளியே வந்து பார்த்தாள், முகம் ஒரு மாதிரி ஆனது, உள்ளே போய்விட்டாள்.

அந்தக் காகிதக் குழாயில் ஒரு துண்டைத்தான் லேத்துக்குக் கொண்டுபோனேன். "இது உள்ள போயி கச்சிதமா உக்கார்ற மாதிரி ரெண்டு சாக்கெட் கடைஞ்சு குடுங்க" என்றேன். எஞ்சின் பக்கம் ஒன்று, சைலன்சர் பக்கம் ஒன்று. கழற்றி மாட்ட வசதியாக இருக்கட்டும் என்று அந்த ஏற்பாடு. கடைந்து கொடுத்தார்கள். வெல்டர் இரண்டையும் அந்தந்த இடத்தில் அழகாகப் பற்றவைத்தார். பற்றவைத்துவிட்டு, மறுநாளே ஆலங்குளம் ஆலையில் பராமரிப்பு வேலை என்று இரண்டு வாரத்துக்குக் கிளம்பிப் போனார்.

அதற்கு அடுத்த நாள், மதுரையில் காகித மாதிரிப்படி வளைக்கக் கொடுத்திருந்த இரண்டு இஞ்ச் இரும்புப் பைப் வந்தது. சாக்கெட்டுக்குள் விட்டேன். தொளதொள என்று ஆடியது. சுற்றிலும் எட்டில் ஒரு பங்கு இஞ்ச் இடைவெளி.

விஷயம் இதுதான். பட்டாசுக் குழாய்க்காரர்கள் இரண்டு இஞ்ச் என்றால் அது உருட்டுகிற கம்பியின் கனம், அதாவது குழாயின் உள்வாய். காகிதத்தின் தடிமன் அதற்கு வெளியே. இரும்புப் பைப்பில் இரண்டு இஞ்ச் என்றால் வெளி அளவு. நான் எந்த ஊரில் பிறந்தேன்? பள்ளிக்கூட லீவில் இதே குழாய்களை உருட்டி வளர்ந்தவன். என் தலையில் குழாய் என்றாலே உள்வாய் அளவுதான். இருபது வருடமாக மெஷினில் நூல் பிசகாமல் வேலை பார்க்கிறேன் என்று பீற்றிக்கொள்கிறவன், வெர்னியர் காலிப்பர் சட்டைப் பையிலேயே இருந்தும் ஒரு தடவை வைத்துப் பார்க்கவில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மச்சான் வந்து பார்த்தார். "இதுக்குப் போயி இம்புட்டு வருத்தமா? அந்தச் சந்துல கிராஃப்ட் பேப்பரச் சுத்தி இறுக்குனா முடிஞ்சது. வெடிமருந்தையே தாங்குற பேப்பரு மாப்ள."

"பேப்பர் எரியும் மச்சான்."

"ஈரப்படுத்திச் சுத்தணும்."

நான் அவரை வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

இரண்டு வாரம் காத்திருந்தால் வெல்டர் வந்திருப்பார். சரியான அளவில் வேறு சாக்கெட் கடைந்து மாற்றியிருக்கலாம். மூன்று வருடம் பொறுத்தவனுக்கு இரண்டு வாரம் பொறுக்கவில்லை. காலண்டருக்கு மேலும் கீழும் மாட்டுகிற தகரப் பட்டி எங்கள் ஊரில் தெருவில் கிடக்கும். ஒரு பிரஸ்ஸிலிருந்து கொஞ்சம் எடுத்துவந்து, பைப்பின் நுனியில் நான்கைந்து சுற்றுச் சுற்றினேன். சந்து அடைந்தது. மேலே சைலன்சர் பசையை அப்பி, கிளாம்ப் போட்டு முறுக்கினேன். காகிதம் சுற்றச் சொன்ன மனிதரை வீட்டுக்கு விரட்டிவிட்டு, அவர் சொன்ன வேலையையே தகரத்தில் செய்தேன்.

இதில் என்ன ஆபத்து என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் பொய். ஊதுகிற எஞ்சினில் பெட்ரோல் கொஞ்சம் கூடவே வைக்க வேண்டும், குறைந்தால் பிஸ்டன் உருகும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது எரியாத பெட்ரோல் பைப்புக்குள் போகும். மூட்டில் சந்து இருந்து வெளிக்காற்று உள்ளே புகுந்தால், அது சூடான பைப்புக்குள்ளேயே பற்றிக்கொண்டு வெடிக்கும். என் மனைவி எந்தச் சத்தம் கூடாது என்றாளோ அதே சத்தம். இத்தனையும் தெரிந்துதான் தகரத்தைச் சுற்றினேன்.

அன்று வேலைநாள்தான், ஆனாலும் எந்தப் பிரஸ்ஸுக்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். ஸ்டார்ட் செய்தபோது தையல் மெஷின் மாதிரி ஓடியது. மூட்டில் கையை வைத்துப் பார்த்தேன், துளி கசிவு இல்லை. தெருவில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை யாரிடமாவது காட்டியே ஆக வேண்டும் போல இருந்தது. யாரிடமாவது என்ன, அவளிடம்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் கம்பெனி கேட் பக்கம் இருக்கும் வேப்ப மரத்தடிக்கு வருவாள். அந்த நேரத்துக்குச் சரியாக, சத்தமே இல்லாமல் கேட்டுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். இந்தா பார், மூன்று வருடம் என்னைத் திட்டினாயே என்று சொல்ல வேண்டும். இதுதான் என் திட்டம். மச்சானும் ஏறிக்கொண்டார், வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

கார் போன போக்கு இருக்கிறதே! மேம்பாலத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறியது. மச்சான் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, மாப்ள" என்றார். அந்த இரண்டு கிலோமீட்டர் தூரம் என் வாழ்க்கையிலேயே நான் யார் மீதும் எரிச்சல்படாத தூரம். தும்மவைத்த கடைக்காரர், டீக்கடை பெஞ்சுக்காரர்கள் எல்லோரையும் மன்னித்துவிட்டேன். பாலத்தில் இறங்கும்போது இரண்டு முறை பொட் பொட் என்று ஏதோ கேட்டது. கல் தெறித்திருக்கும் என்று மச்சான் சொன்னார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

கம்பெனி வேலியை ஒட்டின தார்ச்சாலை. கேட் தெரிந்தது. சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. வேகத்தைக் குறைக்கக் காலை எடுத்தேன்.

டமார்.

ஒன்று இல்லை, மூன்று. முதல் வெடிப்பிலேயே தகரப் பட்டி பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும், அடுத்த இரண்டும் இன்னும் பெரிதாகக் கேட்டன. நான் பிரேக் போட்டு நிறுத்தினேன். ஒரு நொடி எதுவும் அசையவில்லை. பிறகு வேலிக்கு அந்தப் பக்கம், ஒவ்வொரு செட்டின் நான்கு கதவுகளும் திறந்து பெண்கள் ஓடினார்கள். கத்தவில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது அப்படி, கத்தாமல், திரும்பிப் பார்க்காமல், வெட்டவெளியைப் பார்த்து ஓட வேண்டும். செட்டுக்குள் செருப்புப் போடக் கூடாது என்பதால் எல்லோரும் வெறும் காலோடு ஓடினார்கள். வேலிக்கருவேல முள் கிடக்கிற தரை. ஒரு அம்மா விழுந்தார், இரண்டு பேர் அவரைத் தூக்கி இழுத்துக்கொண்டு ஓடினார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள். எல்லோர் கையிலும் போன். மச்சானின் போன் அடித்தது. அவர் மனைவி.

காரை விட்டு இறங்கி நானும் புகையைத் தேடினேன். சத்தம் போட்டது என் கார், அது எனக்குத் தெரியும். இருந்தும் என் கண் செட்டுகளுக்கு மேலே புகை எழும்புகிறதா என்றுதான் தேடியது.

கேட்டில் கூட்டம் சேர்ந்தது. வாட்ச்மேன் மரப்பெட்டியைத் திறந்துவிட்டார். கைகள் அதற்குள் போய்ப் போய் வந்தன. அந்தக் கைகளுக்கு நடுவில் அவளைப் பார்த்தேன். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. எனக்கு முதுகு காட்டி நின்றாள். போனைக் காதில் வைத்தாள்.

என் சட்டைப் பையில் மணி அடித்தது.

எடுத்தேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். மூச்சு வாங்கியது. "கேக்குதா? எனக்கு ஒண்ணுமில்லங்க. பயப்படாதீக. எங்க கம்பெனில இல்ல, வேற எங்கனயோ. பொக ஒண்ணும் காணல. நீங்க வண்டிய எடுத்துக்கிட்டு வந்துராதீக, ரோட்டுல கூட்டமா இருக்கும். என்னங்க? பேசுங்க. கேக்குதா?"

"கேக்குது" என்றேன்.

"எங்க இருக்கீக?"

எப்படிச் சொல்வது? எனக்குப் பின்னால் மச்சான் தன் போனில், "ஒண்ணுமில்லடி, காருதான், மாப்ள காருதான்" என்று கத்திக்கொண்டிருந்தார். அது என் போன் வழியாக அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவள் திரும்பினாள். சாலைக்கு அந்தப் பக்கம் என்னைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், காருக்கு அடியில் இன்னும் வந்துகொண்டிருந்த கொஞ்சம் புகையைப் பார்த்தாள். போன் இன்னும் காதில்தான் இருந்தது. அதை எடுத்துப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு, விழுந்த அம்மாவிடம் போய்க் குனிந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கிடைக்க வேண்டியதுதான். மேனேஜர் வந்து, நான் வாழ்க்கையில் கேட்காத வார்த்தைகளால் திட்டினார். நூறு பெண்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். விழுந்த அம்மாவுக்கு முழங்கால் உரிந்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர், "போப்பா, எங்க சின்னவ பள்ளிக்கூடத்துல இருந்து அழுதுக்கிட்டு போன் பண்ணா" என்று மட்டும் சொன்னார். காரை ஆட்டோவில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். வீட்டு வாசலில் இறங்கும்போது மச்சான், "வால் பக்கம் இறுக்கியிருந்தா..." என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

சாயங்காலம் அவள் எப்போதும் வருகிற பஸ்ஸில் வந்தாள். தூக்குவாளியை வைத்தாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். உள்ளங்காலில் முள். உடைந்து உள்ளே தங்கிய கறுப்புப் புள்ளிகள். அதோடு அவள் மிச்ச நேரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருக்கிறாள். காருக்கு அடியில் பிடித்து வேலை பார்க்கிற கைவிளக்கைக் கொண்டுவந்து வைத்து, சேப்டி பின்னை நெருப்பில் காட்டி, ஒவ்வொன்றாக எடுத்தேன். வலிக்கும்போது காலை இழுத்தாள். என்னைத் திட்ட மாட்டாளா என்று இருந்தது.

நான்காவது முள் எடுக்கும்போது பேசினாள்.

"சத்தம் கேட்டதும் எனக்கு என்னமோ ஆயிருமோன்னு நெனைக்கலங்க. ஒங்களத்தான் நெனச்சேன். வீட்டுல தனியா இருந்து கேட்டுருப்பீக, எனக்குத்தான் என்னமோ ஆயிருச்சுன்னு துடிச்சிருப்பீகன்னு. அதான் முள்ளக்கூடப் பாக்காம ஓடுனேன். ஒங்களுக்கு மொதல்ல போன் பண்ணனும்னு."

கைவிளக்கின் வெளிச்சம் கண்ணில் பட்டது. தலை குனிந்துகொண்டேன். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் அது அந்த நேரத்துக்குப் போதாத வார்த்தையாகத் தெரிந்தது.

"காயலாங்கடைக்காரர்ட்ட சொல்லிட்டேன்" என்றேன். "காலையில வாராரு."

"வரட்டும்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு காலை நீட்டினாள்.